பைக் கடனில் ‘10 சதவீத ஃபிளாட் வட்டி’ என்றால் என்ன? அது குறைந்த வட்டிதானா?

கடன் அடைய அடைய வட்டி குறையாமல், முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி மாதம் வரை கணக்கிடுவதுதான் ஃபிளாட் வட்டி. மூன்று மா (நில அளவு) வயலைக் குத்தகைக்கு எடுத்தவர், ஆண்டுக்கு ஒரு மாவாகத் திருப்பிக் கொடுத்த பிறகும் மூன்று மாவுக்கும் நெல் அளப்பது போல.

60,000 ரூபாய், 36 மாதம் என்று வையுங்கள். 10 சதவீத ஃபிளாட்டில் வட்டி 18,000, தவணை 2,167. இதே கடனைக் குறையும் நிலுவைக்கு, அதாவது மீதமுள்ள அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில், 14 சதவீதத்தில் வாங்கினால் வட்டி சுமார் 13,800தான். அந்த ஃபிளாட் ‘பத்து’, குறையும் நிலுவைக் கணக்கில் ஏறக்குறைய 18 சதவீதம். கும்பகோணமோ மன்னார்குடியோ, ஷோரூமில் “நூற்றுக்கு மாதம் 83 பைசாதான்” என்பார்கள். கணக்கு பொய்யில்லை, பாதியை மட்டும் சொல்கிறார்கள்.

கையெழுத்துக்கு முன் ‘முக்கிய விவர அறிக்கை’யை (KFS) கேளுங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2024 அக்டோபர் 1 முதல் தனிநபர்கள் வாங்கும் புதிய கடன்களுக்கு வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இதைத் தந்தாக வேண்டும். செயல்முறைக் கட்டணமும் சேர்ந்த ஆண்டு வட்டிச் சதவீதம் (APR) அதில் இருக்கும். ஒரே தொகை, ஒரே கால அளவுள்ள இரண்டு கடன்களை ஒப்பிட அந்த ஒரு எண் போதும்.

தவணை குறைந்தால் கடன் மலிவு என்று பலர் நினைக்கிறார்கள்: இதே ஃபிளாட் கடனை 48 மாதமாக நீட்டினால் தவணை 1,750 ஆகக் குறையும், வட்டி 24,000 ஆகிவிடும்.