தென்னங்கன்றுகளைத் தோண்டும் முள்ளம்பன்றி: தோப்பையும் சாளையையும் காப்பது எப்படி?

கேள்வி: ஆனைமலை அடிவாரத்தில், காட்டு ஓடையை ஒட்டி எங்களுக்கு 2 ஏக்கர் நிலம் உள்ளது. சென்ற ஐப்பசியில் 140 தென்னங்கன்றுகள் வைத்து, இடையில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) போட்டோம். இதுவரை 31 கன்றுகளை ஏதோ ஒன்று அடியில் தோண்டிக் கடித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தார் காட்டுப்பன்றி என்கிறார்கள். காவலுக்காகத் தோட்டத்துக் குடிசையான சாளையிலேயே படுக்கிறோம். சாளைக்குப் பின்புறமும் இரவில் நடமாட்டம் கேட்கிறது. சென்ற வாரம் எங்கள் நாய் முகமெல்லாம் முள்ளோடு வந்து நின்றது. சிறு குழந்தைகள் இருக்கிறார்கள். மருந்து வைக்கலாமா, மின்வேலி போடலாமா?

பதில்: நாயின் முகத்தில் இருந்த முள்ளே உங்கள் ஐயத்தைத் தீர்த்துவிட்டது என்றாலும், கன்றைக் கடித்தது எது என்பதைக் குழியைப் பார்த்தே நீங்கள் உறுதி செய்துகொள்ள முடியும். காட்டுப்பன்றி வந்த இடம் ஏர் ஓட்டியதைப் போல அகலமாகக் கிளறிக் கிடக்கும். முள்ளம்பன்றியோ கன்றின் ஒரு பக்கத்தில் மட்டும் சிறு குழி பறித்து, கழுத்துப் பகுதியைச் சாய்வாகக் கடித்து, உள்ளே இருக்கும் இளங்குருத்தைத் தின்றுவிட்டு மட்டையை அப்படியே போட்டுவிட்டுப் போகும். கடித்த இடத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். உளியால் செதுக்கியதைப் போல இரண்டிரண்டு பல் தடங்கள் இணையாக ஓடும். அது பெயரில்தான் பன்றி. உண்மையில் எலி, அணில் இவற்றின் இனத்தைச் சேர்ந்த கொறிவிலங்கு.

குழந்தைகளைப் பற்றிய அச்சத்திற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். முள்ளம்பன்றி முள்ளை அம்பு போல எய்யும் என்று நம் ஊர்களில் பலரும் நம்புகிறார்கள், அது உண்மையன்று. மிரண்டால் முட்களைச் சிலிர்த்து, வாலில் உள்ள குழல் போன்ற முட்களைக் கலகலவென்று ஆட்டி எச்சரிக்கும். அதற்கும் விலகாமல் நெருங்குபவர் மீது பின்புறமாகவே பாய்ந்து முள்ளை ஏற்றிவிடும். ஆகவே சத்தம் கேட்டால் கையில் விளக்குடன் ஒதுங்கி நின்று அதற்கு வழிவிட்டால் போதும். அது மனிதரைத் தேடி வருவதில்லை. சிறுத்தைகூட அதன் முள் ஏறிப் புண்பட்டு இரை பிடிக்க முடியாமல் போவதுண்டு என்பதால், தடியை எடுத்துக்கொண்டு துரத்தும் எண்ணம் மட்டும் வேண்டாம்.

சாளைக்குப் பின்னால் அது ஏன் வருகிறது என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அறுத்த கிழங்கைக் குவித்து வைத்திருக்கிறீர்களா, பூசணித் தோலையும் காய்கறிக் கழிவையும் அங்கே கொட்டுகிறீர்களா, சமைத்த ஆட்டெலும்பைப் பின்புறம் எறிகிறீர்களா என்று பாருங்கள். எலும்பையும் உதிர்ந்த மான் கொம்பையும் வளைக்கு இழுத்துச் சென்று கொறிப்பது இவ்விலங்கின் வழக்கம். சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது, வளர்ந்துகொண்டே இருக்கும் முன்பல்லும் தேய்கிறது. கழிவை மூடிய குழியில் இட்டு, கிழங்கைச் சாளைக்குள்ளோ தகர டிரம்மிலோ வைத்தால், சில நாட்களில் பின்புற நடமாட்டம் குறைவதை நீங்களே காண்பீர்கள்.

இனி தோப்பு. முள்ளம்பன்றி நன்றாகத் தோண்டும், ஆனால் நம் நாட்டு வகைக்கு ஏறத் தெரியாது. எனவே உயரமான வேலிக்குச் செலவழிப்பதைவிட மண்ணுக்குள் இறங்கும் வேலிக்குச் செலவழியுங்கள். 2 ஏக்கரைச் சுற்றிக் கம்பிவலை போட வேண்டுமானால் நிலம் சதுரமாக இருந்தாலே சுமார் 1,180 அடி வரும். அதற்குப் பதிலாக 3 அடி அகல வெல்டு மெஷ் வலையை 6½ அடித் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொரு கன்றையும் சுற்றி 2 அடி விட்டமுள்ள வளையமாக நிறுத்தி, 1 அடியை மண்ணுக்குள் புதைத்து, இரும்புக் கம்பியால் முளையடித்துக் கட்டுங்கள். மூங்கில் முளையை அது கொறித்துவிடும். எஞ்சியுள்ள 109 கன்றுகளுக்கு ஏறக்குறைய 710 அடி வலை போதும். அடிமரம் திரண்டு முற்றியபின் அதே வலையைக் கழற்றி வேறு கன்றுகளுக்குப் பயன்படுத்தலாம். முழு வேலியே போடுவதானால் தரைக்கு மேல் 3 அடியும் கீழே 1½ அடியும் வேண்டும். பாறையாக இருந்து தோண்ட முடியாத இடத்தில் வலையின் அடியை வெளிப்புறமாக மடக்கித் தரையில் படியவிட்டு அதன்மேல் கல் அடுக்குங்கள்.

சூரிய மின்வேலி பயன் தரும், ஆனால் நான் அதை இரண்டாவதாகவே சொல்வேன். முள் என்பது நகத்தைப் போன்ற பொருளால் ஆனது, மின்சாரத்தை எளிதில் கடத்தாது. மூக்கில் பட்டால்தான் அதிர்ச்சி தெரியும். எனவே கீழ்க் கம்பிகள் தரையிலிருந்து அரை அடி, ஒரு அடி உயரத்தில் இருக்க வேண்டும்; அந்த உயரத்தில் புல் தொட்டால் மின்துடிப்பு வீணாகும் என்பதால் அடிக்கடி செதுக்கித் தூய்மையாக வைக்க வேண்டும். 2023இல் வந்த தமிழ்நாட்டு விதிகளின்படி காப்புக்காட்டை அடுத்த நிலங்களில் மின்வேலியை வனத்துறையிடம் பதிவு செய்தாக வேண்டும். முதலில் வனச்சரக அலுவலகத்திற்குச் சென்று கேளுங்கள். வீட்டு மின்சாரத்தை நேரடியாகக் கம்பியில் பாய்ச்சும் வேலையை மட்டும் எவர் சொன்னாலும் செய்யாதீர்கள். யானை நடமாடும் பகுதி உங்களுடையது. அந்தக் கம்பியில் யானையும் சாகும், விடியலில் தண்ணீர் பாய்ச்ச வரும் உங்கள் வீட்டாரும் சாவார்கள்.

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போரேட் குருணையை மணலில் கலந்து துளையிட்ட பையில் கட்டித் தொங்கவிடும் முறையைப் பழைய பயிற்சிகளில் கேட்டிருப்பீர்கள்; அந்த நஞ்சு 2020 டிசம்பர் 31 முதல் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. மிச்சம் வைத்திருப்பவர் கொடுத்தாலும் வாங்காதீர்கள். வளையில் புகை போடுவதும், சுருக்குக் கண்ணி வைப்பதும், தீனிக்குள் நாட்டு வெடியை மறைத்த அவுட்டுக்காய் வைப்பதும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அவுட்டுக்காயைக் கடித்து வாய் சிதறிய மாட்டைப் பார்த்தவர் யாரும் அதை மறுபடி கையால் தொடமாட்டார். முள்ளம்பன்றிக் கறி இழுப்பு நோயைத் தீர்க்கும் என்று சொல்லி வளை காட்டக் கேட்டு வருபவர்களையும் தோட்டத்திற்குள் விடாதீர்கள்.

ஓடைக் கரையில் உங்கள் பட்டாவுக்குள் இருக்கும் உண்ணிச்செடிப் புதரை மட்டும் அகற்றுங்கள். பகலில் பதுங்க மறைவு இல்லாவிட்டால் அது தள்ளிப் போகும். வரும் தடத்தில் மாலையில் சாம்பலைப் பரப்பி வைத்தால், காலையில் பாதத் தடமும் முள் இழுபட்ட கோடுகளும் தெரியும். அந்த நுழைவை முதலில் அடைத்துவிடுங்கள். நிலவு நன்றாகக் காயும் இரவுகளில் இது திறந்தவெளிக்கு வருவது குறைவு. ஆகவே காவலுக்கு ஆள் குறைவாக இருந்தால் அமாவாசையை ஒட்டிய இரவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். குருத்து போன கன்று மறுபடி துளிர்க்காது, தென்னைக்கு வளரும் நுனி ஒன்றே ஒன்று. அந்த 31 குழிகளிலும் வலை தயாரான பின்னரே மறு கன்று வையுங்கள். அடுத்த போகம் குச்சிக்கிழங்கைத் தவிர்த்துவிடுங்கள், கன்றுகளுக்கு நடுவே விருந்து வைத்ததைப் போலத்தான் அது இருக்கிறது.

நாயின் முகத்தில் இன்னும் முள் இருக்குமானால் அதை வெட்டிச் சிறிதாக்க வேண்டாம். தோலை ஒட்டிக் குறடால் பிடித்து, ஏறிய திசைக்கு நேர் எதிராக ஒரே சீராக இழுத்து எடுத்து, புண்ணைக் கழுவுங்கள். கண், தொண்டை, மார்பு இவற்றின் அருகே ஏறியிருந்தாலோ, உள்ளே முறிந்திருந்தாலோ, வாய்க்குள் இருந்தாலோ இன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் மயக்க மருந்து கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். நாய் மறுபடியும் துரத்தும். வேலி முடியும்வரை இரவில் சாளைத் திண்ணையிலேயே கட்டிப் போடுங்கள்.