2012-இல் கடல் ஏன் பொங்கவில்லை?

கேள்வி: 2004 டிசம்பர் 26 காலையில் வீடு லேசாக ஆடியது, பிறகு கடல் எங்கள் தெருவுக்குள் வந்தது. 2012 ஏப்ரல் 11 பிற்பகலிலும் அதேபோல் ஆடியது; எச்சரிக்கை கேட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு திருவொற்றியூர் நெடுஞ்சாலை வரை ஓடினோம். கடல் வரவில்லை. இரண்டும் சுமத்ரா பக்கத்து நிலநடுக்கம்தானே, ஏன் இந்த வேறுபாடு? அன்று நாங்கள் ஓடியது வீண்தானா?
– ஒரு வாசகி, காசிமேடு

பதில்: கடலடிப் பாறை எந்தத் திசையில் நழுவியது என்பதில்தான் பெரும் வேறுபாடு இருக்கிறது.

முதலில் பாறை ஏன் நழுவுகிறது என்று பார்ப்போம். உங்கள் துறைமுகத்தில் மீனும் பனிக்கட்டியும் நிரம்பிய பெட்டியில் கயிற்றுக்குப் பதிலாக ரப்பர் பட்டையைக் கட்டி மெதுவாக இழுத்தால், முதலில் பட்டைதான் நீளும், பெட்டி அசையாது. இழுவிசை உராய்வை மிஞ்சிய நொடியில் பெட்டி விருட்டென்று பாய்ந்து மறுபடியும் நின்றுவிடும். நகரத் தொடங்கிய பொருளுக்கு உராய்வு குறைந்துவிடுவதே அந்தப் பாய்ச்சலுக்குக் காரணம். பூமியின் மேற்பகுதியாக அமைந்த பெரும் பாறைப் பலகைகளான நிலத்தட்டுகளும் அப்படியே, அவை ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் நகர்ந்துகொண்டிருக்க, அவற்றின் இடையிலுள்ள பிளவு மட்டும் உராய்வால் பூட்டிக்கிடப்பதால், சுற்றியுள்ள பாறை ரப்பர் பட்டையைப்போல் வளைந்து நூற்றாண்டுக் கணக்கில் ஆற்றலைச் சேர்த்துவைக்கிறது. 1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தில் பிளவைக் கடந்து சென்ற வேலிகள் அறுபட்டுச் சில மீட்டர் விலகி நின்றன; அவற்றையும் நில அளவைக் கணக்குகளையும் ஆராய்ந்து, அமெரிக்கப் புவி இயற்பியலாளர் ஹாரி ஃபீல்டிங் ரீட் 1910-இல் இந்த விளக்கத்தை அளித்தார்.

2004-இல் நழுவிய பிளவு, இந்தியத் தட்டு சுமத்ரா–அந்தமான் பகுதிக்கு அடியில் சரிவாகப் புதையும் எல்லை. காலை 6.29 மணிக்குச் சுமத்ராவின் வடமுனை அருகே தொடங்கிய முறிவு, துணி கிழிவதுபோல் வடக்கே அந்தமான் நோக்கிப் பல நிமிடங்கள் ஓடி, ஏறத்தாழ 1,300 கி.மீ. நீண்டது. மேல்தட்டின் விளிம்பு நிமிர்ந்தபோது கடல்தரை சில மீட்டர் உயர்ந்து, அதன்மேல் நின்ற நீர் முழுவதையும் தூக்கிவிட்டது. முறிவு தெற்கு வடக்காகக் கிடந்ததால் அலையின் வலிமை கிழக்கிலும் மேற்கிலும் பாய்ந்தது. மேற்கே எதிரில் இருந்தவை இலங்கையும் நம் கரையும்.

2012-இல் நழுவியவை அந்த எல்லைக்கு மேற்கே, கடலடித் தட்டின் உள்ளேயே இருந்த செங்குத்தான பிளவுகள். அங்கே பாறைகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் உரசிச் சென்றன. அண்டாத் தண்ணீருக்குள் உள்ளங்கையைக் கிடையாக வைத்துப் பக்கவாட்டில் நகர்த்துங்கள், பிறகு மேலே தூக்குங்கள். எது தண்ணீரை எழுப்புகிறது என்பது தெரியும். 8.6 அளவுடைய அந்த நடுக்கம், பக்கவாட்டு நழுவல்களில் கருவிகள் பதிவு செய்தவற்றுள் மிகப் பெரியது. ஆயினும் அலை சிறிதாகவே எழுந்தது. 2004 நடுக்கத்தின் அளவு 9.1 என்பதையும், அது வெளியிட்ட ஆற்றல் ஐந்து மடங்குக்கும் மேல் என்பதையும் இதனோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

நீங்கள் ஓடியது வீண் அன்று. நடுக்கத்தின் இடமும் அளவும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்; நழுவிய விதத்தை உறுதிசெய்யக் கூடுதல் நேரமாகும், கடல்மட்டக் கருவிகள் அலையைக் காட்ட இன்னும் நேரமாகும். அதுவரை காத்திருக்காமல் கரையை விட்டு விலகுவதே சரி. ஐதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் 2007-இல்தான் செயல்படத் தொடங்கியது. 2004-இல் நிலம் ஆடியதற்கும் அலை சென்னையைத் தொட்டதற்கும் இடையே சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தும், உங்கள் தெருவுக்கு வந்து சொல்ல அன்று யாரும் இல்லை.