பூட்டிய வீட்டில் நிற்கும் பழைய கார்: பேட்டரியா, வயரிங்கா?

காரைக்குடி வீட்டில் மாதக்கணக்கில் நிற்கும் பழைய சிறிய கார், புது பேட்டரி போட்டும் கிளம்ப மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் பேட்டரி வாங்கிவிடாதீர்கள்.

முதலில் எர்த் வயரைப் பாருங்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகும் அந்தத் தடித்த வயரின் போல்ட்டடியில் துரு ஏறினால், சாவியைத் திருப்பும்போது 'டிக்' என்ற சத்தம் மட்டும் வரும். கழற்றி, உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கிப் பூட்டுங்கள். முனைகளில் பூத்த வெள்ளைப் பொடியை வெந்நீர் கரைத்துவிடும்.

பிறகு, வோல்ட் அளக்கும் கருவியான மல்டிமீட்டரைப் பேட்டரியின் இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். ஓய்வில் 12.6 வோல்ட், என்ஜின் ஓடும்போது ஏறக்குறைய 14 இருக்க வேண்டும். ஏறாவிட்டால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்நேட்டரிலோ அதைச் சுழற்றும் பெல்ட்டிலோ கோளாறு. ஏறியும், நின்ற இடத்திலேயே சார்ஜ் இறங்கினால் மின்சாரம் எங்கோ கசிகிறது. பிற்பாடு வாங்கிப் பொருத்திய ஸ்டீரியோதான் என் முதல் சந்தேகம். ஆளில்லாத வீட்டில் எலியும் சும்மா இருக்காது, வயரைக் கடிக்கும். அடுத்த முறை வீட்டைப் பூட்டிக் கிளம்பும்போது நெகட்டிவ் முனையைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.