வாசல் வரை வந்துவிட்ட பூனை

கேள்வி: மூன்று வாரமாக ஒரு பூனை எங்கள் மாடிப்படிக்குக் கீழே வந்து படுத்துக்கொள்கிறது. வெள்ளையில் செம்பட்டைத் திட்டுகள், ரொம்பச் சாது. என் ஏழு வயது மகள் அதற்குச் 'சுண்டு' என்று பெயரும் வைத்துவிட்டாள். அவளுக்குக் காலையில் எழுந்ததும் ஏழெட்டுத் தும்மல் வரும். கைக்குழந்தையாக இருந்தபோது தோலில் கரப்பான் இருந்தது. அவள் அப்பாவுக்குத் தூசி ஆகாது. பூனை முடி உள்ளே போனால் குழந்தைக்கு மூச்சிழுப்பு வந்துவிடும் என்கிறார் என் மாமியார். கொஞ்ச நாள் வைத்துப் பார்ப்போம், ஒத்துக்கொள்ளவில்லை என்றால் திரும்ப வெளியே விட்டுவிடலாம் என்கிறார் கணவர். மகளோ தினமும் "அம்மா, இன்னிக்கு உள்ளே கூப்பிடலாமா?" என்று கேட்கிறாள். நான் என்ன செய்ய?

பதில்: உங்கள் கணவர் சொல்வதைத்தான் பலரும் செய்கிறார்கள். நானும் செய்தேன். அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

நான் கால்நடை மருத்துவர். என் மகனுக்கு ஐந்து வயதாக இருந்தபோது, ஒரு கண் ஒட்டிப்போயிருந்த குட்டி ஒன்றை யாரோ அட்டைப்பெட்டியில் வைத்து என் கிளினிக் வாசலில் விட்டுப் போனார்கள். கண் சரியானதும் வீட்டுக்கு எடுத்து வந்தேன். மகனுக்கும் சின்ன வயதில் முழங்கை மடிப்பில் கரப்பான் இருந்ததுதான். இருந்தாலும், வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தேன். முதல் இரண்டு மாதம் ஒன்றுமே இல்லை. மூன்றாம் மாதம் தூக்கத்தில் கண்ணைக் கசக்க ஆரம்பித்தான். சளி பிடித்திருக்கிறது என்று விட்டுவிட்டேன். ஒருநாள் இரவு இரண்டு மணிக்கு அவன் மூச்சு விசில் மாதிரி கேட்டது. விடியும்வரை மருத்துவமனையில் நெபுலைசர் முகமூடியை அவன் முகத்தில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.

பூனையை அக்கா வாங்கிக்கொண்டாள். ஆனால் அது போய் இரண்டு மாதம் ஆன பிறகும் மகனுடைய இரவு இருமல் நிற்கவில்லை. பூனை காரணமே இல்லையோ, அநியாயமாக அனுப்பிவிட்டோமோ என்று மனம் அடித்துக்கொண்டது. திரும்பக் கூட்டிவந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் மகனைப் பார்த்த குழந்தை மருத்துவர் விளக்கினார். பூனை போனாலும் அது விட்டுப்போன ஒவ்வாமைப் பொருள் சோபாவிலும் மெத்தையிலும் திரைச்சீலையிலும் இருக்கும். பூனையே இல்லாத வீட்டின் அளவுக்கு அது இறங்க நான்கு முதல் ஆறு மாதம் பிடிக்கும். துணி சோபாவை அப்புறப்படுத்தினோம், துவைக்க முடிந்ததையெல்லாம் துவைத்தோம். ஐந்தாம் மாதம்தான் அவன் ஒரு வாரம் முழுக்க இருமாமல் தூங்கினான்.

வைத்துப் பார்ப்பதில் உள்ள சிக்கல் இப்போது புரிந்திருக்கும். முதல் இரண்டு வாரம் தும்மாவிட்டால் ஒவ்வாமை இல்லை என்று ஆகாது, அது மாதக்கணக்கில் மெல்ல உருவாகலாம். அனுப்பிவிட்டால் உடனே சரியாகிவிடும் என்பதும் கிடையாது. இன்னொன்று, உள்ளே படுத்துப் பழகிய பூனையைத் திரும்ப வெளியே விட்டால் அதன் இடத்தை வேறு பூனை பிடித்திருக்கும். சண்டையில் காது கிழிந்து என்னிடம் வரும் பூனைகளில் இப்படிப்பட்டவற்றை நிறையப் பார்த்திருக்கிறேன். அப்புறம் உங்கள் மகள். பெயர் வைத்து, கூடத் தூங்கிய பிறகு பிரிப்பதற்கும், படிக்குக் கீழே இருக்கும்போதே முடிவு சொல்வதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு.

மாமியார் சொன்னதில் பாதி சரி. பூனையால் இழுப்பு வரலாம், ஆனால் காரணம் முடி இல்லை. பூனையின் எச்சிலிலும் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளிலும் உண்டாகும் ஒரு புரதம். ஃபெல் டி 1 என்று அதற்குப் பெயர். பூனை ஒவ்வாமை உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இதற்குத்தான் எதிர்வினை வருகிறது. பூனை நாள் முழுக்கத் தன்னை நக்கிக்கொண்டே இருக்கும் அல்லவா? அந்த எச்சில் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிரும். ரொம்ப லேசானது, மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். உடையில் ஒட்டிக்கொண்டு பூனையே இல்லாத வீட்டுக்கும் பள்ளிக்கும் போகும். அதனால் முடியைப் பொறுக்கி எடுத்துவிட்டால் போதும் என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்போது உங்கள் மகளின் தும்மலுக்கு வருகிறேன். எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அந்தக் காலைத் தும்மல் சுண்டு வருவதற்கு முன்பே இருந்ததா என்பதுதான். முன்பே இருந்தது என்றால் அதற்குப் பூனை மேல் பழி போட முடியாது. எழுந்ததும் வரும் தும்மலுக்கு மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சிகள் பல சமயம் காரணமாக இருக்கும். ஆனால் தூசிக்கு ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பூனையும் சேர்ந்துகொள்ள வாய்ப்பு உண்டு. கரப்பான் இருந்ததும், அப்பாவுக்குத் தூசி ஆகாததும் அந்த உடல்வாகைத்தான் காட்டுகின்றன. ஒரு நோட்டில் பத்து நாள் எழுதிப் பாருங்கள். பூனையைத் தொட்ட சில நிமிடங்களில் கண் அரிக்கிறதா, அது நக்கிய இடத்தில் தடிப்பு வருகிறதா, அன்று இரவு இருமினாளா, ஓடி விளையாடினால் மூச்சு வாங்குகிறதா என்றெல்லாம் குறித்து வையுங்கள். காய்ச்சல் இல்லாமல், அரிப்போடு, தண்ணீராக மூக்கு ஒழுகினால் சளி என்று ஒதுக்கிவிடாதீர்கள். நான் ஒதுக்கினேன்.

கணுக்காலில் மட்டும் கூட்டமாகச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் அது தெள்ளுப்பூச்சிக் கடியாக இருக்கலாம். அதைப் பூனை அலர்ஜி என்று பயந்து என்னிடம் வந்தவர்கள் நிறைய. பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து போட்டதும் சரியாகிவிட்டது.

நோட்டை எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் போங்கள். தோலில் மெல்லக் குத்திப் பார்க்கும் ஸ்கின் ப்ரிக் டெஸ்ட் என்று ஒன்று உண்டு. முன்கையில் ஒவ்வாமை தரக்கூடிய ஒவ்வொரு பொருளிலும் ஒரு சொட்டு வைத்து லேசாகக் குத்துவார்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் தெரிந்துவிடும். அலர்ஜி மாத்திரை சாப்பிடுகிறாள் என்றால் எத்தனை நாள் முன்பு நிறுத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முடிவு தவறாக வரும். அதில் பூனைக்கான சொட்டு வைத்த இடத்தில் தடிப்பு வந்துவிட்டால் நோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. உடல் அதை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான். நீங்கள் எழுதிய நோட்டும் அந்தத் தடிப்பும் சேர்ந்துதான் பதில் சொல்லும்.

சரி, பதில் எப்படி வந்தால் என்ன செய்வது? பூனைக்கான சொட்டில் தடிப்பும் வந்து, மகளுக்கு எப்போதாவது இழுப்பும் வந்திருக்கிறது என்றால் உள்ளே கொண்டுவராதீர்கள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தடிப்பு வந்து, தும்மலும் கண் அரிப்பும் மட்டும்தான் என்றால் மருத்துவரோடு பேசி முடிவெடுங்கள். ஒன்றுமே வரவில்லை என்றால் கூப்பிட்டுக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளிலிருந்தே மகளின் படுக்கையறைக்குள் சுண்டு நுழையக் கூடாது. அவள் அழுதாலும்தான். ராத்திரி எட்டு ஒன்பது மணி நேரம் அவள் மூச்சு விடும் இடம் அது. பிறகு அறிகுறி வந்தால் மூடிக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் மெத்தை நிறைந்திருக்கும்.

இதெல்லாம் முடியும்வரை சுண்டு காத்திருக்கும். படிக்குக் கீழே ஒரு பெட்டி, பழைய போர்வை, தண்ணீர், நேரத்துக்குச் சாப்பாடு இருந்தால் அது கைவிடப்பட்ட பூனை இல்லை. மகளுக்கும் அப்படியே சொல்லுங்கள். 'அது உன் பூனைதான், இப்போதைக்கு அதன் அறை படிக்குக் கீழே இருக்கிறது' என்று சொன்னால் ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியும்.

அந்த இடைவெளியில் பூனையை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். மகள் வேண்டாம், நீங்களே கூண்டில் வைத்துக் கொண்டுபோங்கள். காது நுனி நேராக வெட்டப்பட்டிருந்தால் ஏற்கெனவே கருத்தடை செய்து விட்ட பூனையாக இருக்கும். இல்லையென்றால் செய்துவிடுவது நல்லது. கருத்தடை செய்யாத கடுவன் பூனைதான் நான் சொன்ன புரதத்தை அதிகமாகச் சுரக்கும், செய்த பிறகு குறையும். பெட்டை என்றால் நான்கைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், இரண்டு மாதத்தில் குட்டி போடும். ஒரு பூனைக்காக யோசிக்கும் நீங்கள் ஐந்து பூனைக்காக யோசிக்க வேண்டியிருக்கும். குடற்புழு மருந்து, ரேபிஸ் தடுப்பூசி இரண்டும் அவசியம். வட்டமாக முடி உதிர்ந்த இடம் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அது படர்தாமரையாக இருந்தால் குழந்தைக்கு எளிதில் ஒட்டும்.

அதுவரை கடித்தாலோ கீறினாலோ, எவ்வளவு சின்னக் காயமானாலும், சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சாதுவான பூனைதானே என்று காத்திருக்காதீர்கள். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அதைத் தொடக் கூடாது, தொட்டபின் கை கழுவாமல் கண்ணைத் தேய்க்கக் கூடாது என்பதை மகளுக்குப் பழக்குங்கள்.

கேள்வி: அலர்ஜி தராத பூனை இனங்கள் இருக்கின்றனவாமே? தெருப்பூனைக்குப் பதில் அப்படி ஒன்றை வாங்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா?

பதில்: தீராது. எல்லாப் பூனையும் அந்தப் புரதத்தைச் சுரக்கும். முடியே இல்லாத இனத்துக்கும் எச்சில் இருக்கிறது, தோல் இருக்கிறது. அளவுதான் மாறும், அதுவும் ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு பூனைக்கும் இன்னொரு பூனைக்கும் நிறைய மாறும். விளம்பரத்தை நம்பி வாங்கிவந்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கண் வீங்கிய குழந்தையோடும் அந்தப் பூனையோடும் நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும். எந்தப் பூனையை எடுக்கப்போகிறீர்களோ அதே பூனையோடு, அது இருக்கும் இடத்திலேயே, குழந்தையைச் சில தடவை உட்காரவைத்துப் பார்ப்பது இதைவிட உபயோகமானது. அதுவும் முழு உத்தரவாதம் இல்லை, ஆனால் கடுமையான ஒவ்வாமை இருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும்.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வருடமாகப் பூனை இருக்கிறது. பத்து வயது மகனுக்கு அதனால்தான் ஒவ்வாமை என்று இப்போது தெரிந்திருக்கிறது. எங்காவது தூரமாகக் கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். பையன் சாப்பிடவே மாட்டேன் என்கிறான்.

பதில்: தூரமாகக் கொண்டுபோய் மட்டும் விட்டுவிடாதீர்கள். இரண்டு வருடம் தட்டில் சாப்பிட்ட பூனைக்கு அங்கே பிழைக்கத் தெரியாது.

மகனுக்கு இருப்பது மூக்கு, கண் தொந்தரவா, இழுப்பா? மருந்து எடுத்தும் இழுப்பு அடங்கவில்லை என்றால் பூனைக்கு வேறு வீடு பார்க்கத்தான் வேண்டும். லேசான தொந்தரவு என்றால் இன்னும் செய்து பார்க்க இடம் இருக்கிறது. படுக்கையறைக் கதவு எப்போதும் மூடியிருக்கட்டும். மெத்தை, தலையணை உறைகளை வாரம் ஒருமுறை துவையுங்கள். கம்பளம் இருந்தால் எடுத்துவிடுங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள். பெருக்கினால் தூள் மேலே எழும். முடிந்தால் அவன் அறையில் நுண்ணிய தூளையும் பிடிக்கும் ஹெபா ஃபில்டர் வைத்த காற்றுச் சுத்திகரிப்பான் ஓடட்டும். பூனையின் மலப்பெட்டியை அவன் தொட வேண்டாம், அந்த மணலின் தூசியே இருமலைக் கிளப்பும். பூனையைக் குளிப்பாட்டுவதை நான் சிபாரிசு செய்வதில்லை. ஒரு வாரத்துக்குள் எல்லாம் பழையபடி வந்துவிடும், பூனைக்குத்தான் வீண் அவதி. முட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருள் கலந்த பூனை உணவு இப்போது வருகிறது. எச்சிலில் இருக்கும் புரதத்தை அது செயலிழக்கச் செய்கிறது. மூன்று வாரத்தில் முடியிலுள்ள அளவு சராசரியாக ஏறக்குறையப் பாதியாகிறது என்று கண்டிருக்கிறார்கள். மற்றதோடு சேர்த்துச் செய்தால் உதவும். ஒவ்வாமைக்கான ஊசி சிகிச்சை அவனுக்குப் பொருந்துமா என்றும் மருத்துவரிடம் கேளுங்கள். மூன்றிலிருந்து ஐந்து வருடம் பொறுமை வேண்டும்.

இவ்வளவும் செய்து முடியாமல் போனால், தெரிந்தவர் வீடாகப் பாருங்கள். என் அக்கா வீட்டில் எங்கள் பூனை பதினொரு வருடம் இருந்தது. கடைசிவரை என் மகன் ஜன்னலுக்கு வெளியே நின்று அதோடு பேசிவிட்டு வருவான். உங்கள் மகனையும் அந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பதில் சேர்த்துக்கொள்ளுங்கள். அது எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும் என்று அவனே ஒரு தாளில் எழுதட்டும், தடுப்பூசி அட்டையோடு அதையும் வைத்துக் கொடுங்கள். அது படுத்திருந்த போர்வையைத் துவைக்காமல் கூடவே அனுப்புங்கள். முதல் இரண்டு மூன்று நாள் அது கட்டிலுக்கு அடியைவிட்டு வராது. போர்வையை அங்கேயே, சுவரோரமாக விரித்துவிடச் சொல்லுங்கள்.