பழைய ஸ்கூட்டர்களும் மாதம் 4,000 ரூபாயும்: கேள்வி பதில்

வடசென்னையில் பழைய ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் எங்கள் குழு, வண்டிகளில் கூட்டாகப் பயணம் போயும், உறுப்பினர்களிடம் மாதப் பங்கு வாங்கியும், பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தைகளுக்காகப் பணம் திரட்டி வருகிறது. அதன் கணக்கைப் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொள்பவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என்ஜின் கேள்விகளுக்கு என்னைவிட உங்கள் மெக்கானிக்கே பொருத்தமானவர்.

பெரம்பூர், வங்கி ஊழியர்: ஐயா, வளர்ப்புப் பராமரிப்பும் தத்தெடுப்பதும் ஒன்றுதானே? உங்கள் பணம் எந்தக் குழந்தைகளுக்குப் போகிறது?

இரண்டும் ஒன்றல்ல. தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தை சட்டப்படி அந்தக் குடும்பத்தின் சொந்தப் பிள்ளையாகிவிடுகிறது. பிறந்த குடும்பத்துடனான சட்ட உறவு அங்கே முடிந்துவிடுகிறது. வளர்ப்புப் பராமரிப்பில் அப்படி இல்லை. தாய் நீண்ட நாள் நோயில் இருக்கலாம், தந்தை சிறையில் இருக்கலாம், வீட்டில் பாதுகாப்பு இல்லாமல் போயிருக்கலாம். இப்படிப்பட்ட ஒரு குழந்தையை, காப்பகத்தில் வைப்பதற்குப் பதிலாக, உறவினர் அல்லாத ஒரு குடும்பம் தன் வீட்டில் வைத்து வளர்ப்பதே அது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 44-ஆம் பிரிவில் இதற்கு வழி செய்கிறது. குழந்தைகள் நலக்குழுவின் ஆணை இல்லாமல் யாரும் யாருடைய குழந்தையையும் இப்படி வைத்துக்கொள்ள முடியாது. உடன்பிறந்தவர்களைக் கூடுமானவரை ஒரே வீட்டில் சேர்த்து வைக்க வேண்டும் என்றும், வளர்க்கும் குடும்பத்தை மாதந்தோறும் பார்வையிட வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது.

ஆனால் எங்கள் பகுதியில் நான் அதிகம் பார்ப்பது இன்னொரு வகை: பெற்றோர் இல்லாத பிள்ளைகளைப் பாட்டியோ அத்தையோ சித்தப்பாவோ ஒற்றை அறை வீட்டில் வைத்து வளர்ப்பது. இவர்களுக்கானது 45-ஆம் பிரிவில் உள்ள நிதி ஆதரவு. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் ஒரு குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கப்படுகிறது. நகரத்தில் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாய்க்கும், கிராமத்தில் 72,000 ரூபாய்க்கும் மேற்படக் கூடாது. இந்த உதவியை அரசு மட்டுமே செய்ய வேண்டும் என்பதில்லை. தனியாரும் மாவட்ட நிர்வாகத்தின் வழியாக ஒரு குழந்தைக்கான தொகையை ஏற்றுக்கொள்ளலாம். நாங்கள் செய்வது அதுதான். பணம் இல்லாத ஒரே காரணத்துக்காக ஒரு பாட்டி தன் பேரனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத் திரும்பும் நிலை வரக் கூடாது என்பதுதான் எங்கள் வேலையின் மையம். விண்ணப்பிக்க வேண்டிய இடம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. திருவொற்றியூரும் மாதவரமும் 2018 முதல் சென்னை மாவட்டத்தில் இருக்கின்றன. மீஞ்சூர், பொன்னேரிக்காரர்கள் திருவள்ளூர் மாவட்டத்தை அணுக வேண்டும்.

வியாசர்பாடி, கல்லூரி மாணவர்: அண்ணா, நாம் உதவும் குழந்தைகளை ஸ்கூட்டர் பக்கத்தில் நிறுத்தி ஒரு சிறிய வீடியோ எடுத்துப் போட்டால் நன்கொடை குவியும். நான் எடுத்துத் தருகிறேன்.

தம்பி, உங்கள் ஆர்வம் நல்லது. ஆனால் இதைச் செய்யக் கூடாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் ஒரு குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி, படம் என அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவு; மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,00,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே. சட்டத்தை விடுங்கள். ஏழாம் வகுப்பில் படிக்கும் ஒரு பிள்ளை திங்கட்கிழமை பள்ளிக்குப் போகும்போது, பக்கத்து பெஞ்சில் இருப்பவன் அந்த வீடியோவைப் பார்த்திருப்பான். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளைக்கு அந்த வகுப்பில் வேறு அடையாளமே இருக்காது. வண்டிகளைப் படம் எடுங்கள், எங்களை எடுங்கள். குழந்தையின் முகம் வேண்டாம்.

கொருக்குப்பேட்டை, ஆசிரியை: தவறாக எண்ண வேண்டாம், ஐயா. நாற்பது பேர் ராயபுரத்திலிருந்து பழவேற்காட்டுக்குப் போய்த் திரும்பினால் எவ்வளவு பெட்ரோல் எரியும்? அந்தப் பணத்தை நேரடியாகக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிட்டு அவரவர் வீட்டிலேயே இருந்துவிடலாமே?

தவறாக எண்ணவில்லை, அம்மா. இதே கேள்வியை எங்கள் உறுப்பினர் ஒருவரே கூட்டத்தில் எழுப்பியபோது யாருக்கும் உடனே பதில் வரவில்லை. கணக்கைப் போட்டே பார்ப்போம். போக வர 100 கி.மீ.க்கு மேல், பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிக்கு மூன்று லிட்டர் தேவை. லிட்டர் 100 ரூபாய்க்குச் சற்று மேல் விற்கும்போது, ஆயிலையும் சேர்த்து வண்டிக்கு 330 ரூபாய் ஆகும். நாற்பது வண்டிக்கு 13,200 ரூபாய், அதாவது ஒரு குழந்தையின் மூன்று மாதத் தொகைக்கும் மேல். உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இருந்தும் பயணத்தை நாங்கள் முழுவதுமாக விட்டுவிடவில்லை. அந்த நாற்பது பேரும் பயணம் இல்லாவிட்டால் அந்த 330 ரூபாயைக் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்று எண்ணித்தான் ஒரு முறை பயணத்தையே நிறுத்திப் பார்த்தோம். முதல் மாதம் கொடுத்தார்கள். மூன்றாம் மாதத்தில் பாதிப் பேருக்கு நினைவூட்ட வேண்டியிருந்தது. மனிதர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டால்தான் கொடுத்த வாக்கு நினைவில் நிற்கிறது. அதனால் மாதப் பயணத்தை ஆண்டுக்கு மூன்றாகக் குறைத்தோம். பெட்ரோல் அவரவர் செலவு. அந்த மாதம் வரைக்கும் தன் பங்கைக் கட்டியவர் மட்டுமே வண்டியை வரிசையில் நிறுத்தலாம்.

மாதவரம், குழு உறுப்பினர்: அண்ணே, கணக்கு மட்டும் போதுமா? பயணத்தின் முடிவில் ஓர் இல்லத்துக்குப் போய்க் கேக் வெட்டிப் பிரியாணி கொடுத்தால் பிள்ளைகள் முகத்தில் வரும் மகிழ்ச்சிக்கு விலை உண்டா?

நீங்கள் மனதாரச் சொல்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஞாயிற்றுக்கிழமையும் பண்டிகை நாளும் இல்லங்களுக்குச் சாப்பாடு கொண்டுவருபவர்கள் வரிசையில் நிற்கிறார்கள். செவ்வாய்க்கிழமை ஒரு பிள்ளையின் மூக்குக் கண்ணாடி உடைந்தால், பத்தாம் வகுப்புக்குக் கணக்கு டியூஷன் தேவைப்பட்டால், பெண் பிள்ளைகளுக்கு நாப்கின் தீர்ந்துவிட்டால், கேட்க ஆள் இல்லை. மேலும், முன்பின் தெரியாத நாற்பது பெரியவர்களுக்கு முன்னால் நின்று பாட்டுப் பாடி நன்றி சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காரும் பிள்ளையின் இடத்தில் நம் வீட்டுப் பிள்ளையை வைத்துப் பாருங்கள். நாம் போன பிறகு அந்தப் பிள்ளைக்குத் தெரிவது, வந்தவர்கள் திரும்ப வரவில்லை என்பதுதான்.

கொருக்குப்பேட்டை, ஆசிரியை: பணத்தை விட்டாலும் புகை இருக்கிறதே? மணலியிலும் எண்ணூரிலும் எங்கள் பிள்ளைகள் மூச்சுவிடுவதே ஆலைகளுக்கு நடுவில். குழந்தைகளின் பெயரால் நாற்பது டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் அங்கே ஓடலாமா?

இந்தக் கேள்விக்கு முழுமையான பதில் என்னிடம் இல்லை. உங்கள் பக்கம் உண்மை அதிகம். டூ-ஸ்ட்ரோக் என்ஜினில் ஆயில் பெட்ரோலோடு சேர்ந்தே எரிகிறது. பெட்ரோலில் ஒரு பகுதி எரியாமலேயே புகையோடு வெளியேறுகிறது. அமைப்பே அப்படி; மெக்கானிக் யாராலும் அதை மாற்ற முடியாது. எங்களால் குறைக்க முடிந்ததைக் குறைத்திருக்கிறோம். பஜாஜ் சேடக் ஸ்கூட்டருக்கு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி ஆயில் என்றால் 20 மில்லிதான். "என்ஜினுக்கு நல்லது" என்று கூடுதலாக ஊற்றுபவரின் வண்டியைத் திருப்பி அனுப்புகிறோம். பள்ளி, மருத்துவமனை, குடியிருப்பு வாசல்களில் என்ஜினை ஓடவிட்டபடி வண்டியை நிறுத்திவைப்பதில்லை. மின்சார ஸ்கூட்டர்காரர்களை முன்பு சேர்க்காமல் இருந்தோம். அது தவறு என்று உணர்ந்து இப்போது சேர்க்கிறோம். இதற்கு மேலும் செய்ய வேண்டும் என்று நீங்கள் சொன்னால் அடுத்த கூட்டத்துக்கு நேரில் வந்து சொல்லுங்கள். நான் உங்கள் பக்கம் பேசுவேன். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இந்த வாதத்தை இங்கே நிறுத்துகிறேன்.

தண்டையார்பேட்டை, புதிதாகச் சேர்ந்தவர்: ஞாயிறு காலை காசிமேடு வழியாகப் போகலாமா?

வேண்டாம். ஞாயிறு விடியலில் மீன் வாங்க வரும் கூட்டத்துக்குள் ஸ்கூட்டர் வரிசையைக் கொண்டுபோவது அவர்களுடைய பிழைப்புக்கும் இடைஞ்சல், நமக்கும் ஆபத்து. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரியின் இடப்பக்கம் ஒருபோதும் நுழையாதீர்கள். அவ்வளவு உயரத்தில் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள். சேடக்கின் சக்கரம் பத்து அங்குலம், அதைவிடப் பழைய வண்டிகளில் எட்டு அங்குலம். துறைமுகப் பக்கம் தண்டவாளத்தைக் கடக்கும்போது சாய்வாகப் போனால் டயர் இடுக்கில் மாட்டிக்கொள்ளும், நேர்க்குறுக்காகக் கடந்து செல்லுங்கள்.

கொளத்தூர்: என் தந்தையின் 1986 சேடக்கை வின்டேஜ் வண்டியாகப் பதிவு செய்ய முடியுமா?

முடியாது. 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகள் நிறைந்திருக்க வேண்டும். 15 ஆண்டு முடிந்த வண்டிக்குச் செய்யும் வழக்கமான ஆர்.சி. (பதிவுச் சான்று) புதுப்பித்தலைச் செய்யுங்கள். 50 ஆண்டு நிறைந்தவர்களும் யோசித்துச் செய்யுங்கள்: புதிய வின்டேஜ் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அதன் பிறகு அன்றாடம் கடைக்கும் வேலைக்கும் அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

திருவொற்றியூர், ஓய்வுபெற்ற தொழிலாளி: நம் ஊரில் என்ஃபீல்டு தொழிற்சாலையில் ஒரு காலத்தில் ஸ்கூட்டர் செய்தார்கள் என்றால் இளைஞர்கள் நம்ப மறுக்கிறார்கள்.

நம்பச் சொல்லுங்கள், ஐயா. 1955 முதல் புல்லட் செய்த அதே திருவொற்றியூரில், 1960-களில் ஃபேன்டாபுலஸ் என்ற 175 சி.சி. ஸ்கூட்டர் வெளிவந்தது. யாரிடமாவது ஒன்று இருந்தால், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, எங்கள் வரிசையின் முதல் இடம் அதற்குத்தான்.

ராயபுரம்: குழந்தைகள் கையால் நன்றி அட்டை எழுதவைத்து, அதைப் பிடித்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு படம் மட்டும்?

இதற்கு மேலே பதில் சொல்லியிருக்கிறேன். அட்டையும் வேண்டாம், படமும் வேண்டாம்.

புளியந்தோப்பு: சிங்கப்பூரில் இருக்கும் என் சித்தப்பா பணம் அனுப்ப விரும்புகிறார்.

அவர் இன்னும் இந்தியக் குடிமகனாக இருந்து, தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் வாங்கிக்கொள்வோம். அந்நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டார் என்றால், தமிழராக இருந்தாலும், 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டப்படி அது வெளிநாட்டுப் பணம். அந்தச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யாத எங்கள் குழு ஒரு ரூபாய்கூட வாங்க முடியாது. உங்கள் கணக்குக்கு வரவழைத்து எங்களுக்கு மாற்றித் தரவும் வேண்டாம்.

ஓட்டேரி: பயணத்தின்போது அந்தக் குழந்தைகளை ஆளுக்கு இரண்டு பேராகப் பின்னால் உட்காரவைத்துக் கடற்கரை வரை அழைத்துச் செல்லலாமா?

இரு சக்கர வண்டியில் ஓட்டுபவரைத் தவிர ஒருவருக்குத்தான் சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த ஒருவராகவும் நம் பொறுப்பில் இல்லாத குழந்தையை ஏற்றிச் செல்லக் கூடாது.

எருக்கஞ்சேரி, செவிலியர்: அண்ணா, எனக்கு 38 வயது, திருமணம் செய்துகொள்ளவில்லை. பணம் தருவதோடு நிற்காமல் ஒரு குழந்தையை வளர்க்க விரும்புகிறேன். தனியாக இருப்பவர்களுக்குத் தருவார்களா?

தருவார்கள், சகோதரி. இன்று வந்த கேள்விகளில் நான் மிகவும் மகிழ்ந்தது இதைப் படித்துத்தான். 2024-இல் திருத்தப்பட்ட மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளின்படி 35 வயது நிறைந்த, திருமணமாகாதவர்களும் வளர்ப்புப் பெற்றோராகலாம். பெண்ணாக இருந்தால் ஆண் குழந்தையோ பெண் குழந்தையோ வளர்க்கலாம். ஆண்களுக்கு ஆண் குழந்தை மட்டும். ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளே பெரும்பாலும் இப்படி வருவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே ஒரு வீட்டின் நினைவு இருக்கும். இரவில் எழுந்து அம்மாவைக் கேட்பார்கள். உங்களை அம்மா என்று கூப்பிட மறுக்கலாம், கூப்பிடச் சொல்லவும் கூடாது. பிறந்த குடும்பம் நிலைபெற்றால் திருப்பி அனுப்ப வேண்டியிருக்கும். அந்த நாளை நினைத்துப் பார்த்த பிறகும் விருப்பம் குறையாவிட்டால், ராஜாஜி சாலையில் உள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், குழந்தைகள் பாதுகாப்பு அலகு எங்கே இருக்கிறது என்று விசாரித்துச் செல்லுங்கள். உங்கள் பணி நேரம், இரவு முறை, அப்போது வீட்டில் யார் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி எடுத்துச் செல்லுங்கள். அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

ராயபுரம்: முகத்தை மறைத்துப் படம்?

வேண்டாம்.

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்றவர்: ஐயா, நான் ஓர் இல்லத்தில் வளர்கிறேன். நான்கு மாதத்தில் 18 வயது ஆகிறது. அதன் பிறகு எங்கே போவது என்று தெரியவில்லை. ஸ்கூட்டர் வேலை கற்றுக்கொள்ள முடியுமா?

தம்பி, 18 ஆனவுடன் உன்னை வெறுங்கையோடு அனுப்பிவிட முடியாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆம் பிரிவில் பிற்காப்பு என்று ஒன்று இருக்கிறது. 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரைகூட, தங்கவும் படிக்கவும் தொழில் கற்கவும் உதவி கேட்கலாம். பிறந்தநாள் வரும்வரை காத்திருக்காமல் இந்த வாரமே உன் இல்லக் கண்காணிப்பாளரிடம் சொல்லி மனுவை எழுதவை. அவர் தயங்கினால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்து உன் வயதையும் இல்லத்தையும் சொல். வேலை பற்றி: தண்டையார்பேட்டையில் எங்கள் வண்டிகளைப் பார்க்கும் மெக்கானிக் கடையில் காலை ஒன்பதிலிருந்து ஒரு ஆள் தேவைப்படுகிறது என்று நேற்றுதான் சொன்னார். கார்புரேட்டர் கழற்றுவதிலிருந்து தொடங்குவார், சம்பளம் முதல் மாதத்திலிருந்தே உண்டு. கண்காணிப்பாளரின் அனுமதியோடு சனிக்கிழமை வா. நான் கடை வாசலில் இருப்பேன்.