குள்ளப் பேரடைகள்: கொழும்பு வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

வெள்ளவத்தை, உயர்தர மாணவி: எங்கள் வீட்டு மொட்டைமாடியிலிருந்து குள்ளப் பேரடை ஏதாவது தெரியுமா?

தெரிய வேண்டிய இடத்தில்தான் இருக்கிறீர்கள், தங்கச்சி. பெரிய மெகல்லன் மேகம் என்ற குள்ளப் பேரடை (நமது பால்வீதியைவிட மிகச் சிறிய விண்மீன் திரள்) கொழும்பில் தென் அடிவானத்துக்கு மேலே 13 பாகை வரை ஏறுகிறது. ஜனவரி நடுவில் இரவு பத்து மணியளவில் அகத்தியர் நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து கீழே சற்று வலப்பக்கமாகப் பாருங்கள். ஆனால் நகரத்தின் வெளிச்சம் அதை விழுங்கிவிடும். நிலவில்லாத இரவில் தேவேந்திரமுனைப் பக்கம் போனால் வெறுங்கண்ணுக்கே மங்கிய திட்டாகத் தெரியும். ஏறக்குறைய 1,60,000 ஒளியாண்டு தூரம்!

கொட்டாஞ்சேனை வாசகர்: சில நூறு விண்மீன்கள் கூடியிருந்தால் அது வெறும் விண்மீன் கொத்துத்தானே? பேரடை என்று எப்படிச் சொல்கிறார்கள்?

விண்மீன்களின் வேகத்தை வைத்துத்தான். சேகு 1 என்ற குள்ளப் பேரடையின் மொத்த வெளிச்சம் சில நூறு சூரியன்களுக்கு மேல் இல்லை. ஆனால் அதன் விண்மீன்கள் ஓடும் வேகத்தைக் கணக்கிட்டால், அவற்றைப் பிடித்துவைக்கப் பல லட்சம் சூரிய நிறை வேண்டும். அந்த மிச்சம்தான் கரும்பொருள், ஒளிவிடாமல் ஈர்ப்பால் மட்டும் தெரியவரும் பொருள். விண்மீன் கொத்துகளில் அது தென்படுவதில்லை. விண்மீனுக்கு விண்மீன் இரும்பின் அளவு மாறுபடுவது இன்னொரு சான்று, கொத்துகளில் அது பெரும்பாலும் ஒரே அளவாக இருக்கும்.

தெஹிவளை ஆசிரியர்: தூரத்தை அளப்பது எப்படி? மாணவர்களுக்குக் கணக்காகவே காட்ட விரும்புகிறேன்.

நல்லது சேர், செய்துவிடுவோம். ஆர்ஆர் லைரே வகை விண்மீன்கள் அரை நாள் அளவில் கூடிக் குறைந்து ஒளிர்பவை. அவற்றின் உண்மைப் பிரகாச எண் ஏறக்குறைய 0.5, எண் கூடினால் மங்கல். 1938இல் அமெரிக்க வானியலாளர் ஹார்லோ ஷாப்லி அறிவித்த ஸ்கல்ப்டர் குள்ளப் பேரடையில் இவை 20.1 என்ற பிரகாச எண்ணில் தெரிகின்றன. வித்தியாசம் 19.6. உண்மைப் பிரகாச எண் என்பது பத்து பார்செக் தூரத்தில் தெரியும் அளவு (ஒரு பார்செக் 3.26 ஒளியாண்டு). அங்கிருந்து தொடங்கி, ஒவ்வொரு 5 எண்ணுக்கும் தூரம் பத்து மடங்கு. 19.6ஐ 5ஆல் வகுத்தால் 3.92, பத்தின் 3.92ஆம் அடுக்கு ஏறக்குறைய 8,300. பத்தால் பெருக்க 83,000 பார்செக், அதாவது 2,70,000 ஒளியாண்டு. இடையிலுள்ள தூசி ஒளியை மங்கவைப்பதை முதலில் கழிக்க வேண்டும். மறந்தால் விடை கூடிவிடும்.

அதே ஆசிரியர்: இன்னும் தொலைவில் என்றால்?

ஆர்ஆர் லைரே அங்கே மங்கிப்போகும். வயதாகி ஊதிச் சிவந்த செம்பூத விண்மீன்களை நம்ப வேண்டும். அவற்றின் மையத்தில் ஹீலியம் பற்றிக்கொள்ளும் தருணத்தில் பிரகாசம் ஏறக்குறைய ஒரே உச்சத்தைத் தொடும். அந்த உச்சத்தை அடையாளம் கண்டால் தூரம் கிடைக்கும்.

தூரம் பிழைத்தால் எல்லாமே பிழைக்கும். டிஎஃப்2 என்ற மங்கலான பேரடையில் கரும்பொருளே இல்லையென்று 2018இல் அறிவித்தார்கள், அதற்கு 6.5 கோடி ஒளியாண்டு என்று வைத்திருந்தார்கள். மறு குழுவினர் 4.2 கோடிதான் என்றார்கள். அது சரியானால் பேரடை உண்மையில் இன்னும் மங்கலானது, அதனால் விண்மீன்களின் நிறை குறைந்து, அவற்றின் வேகத்தை விளக்கக் கரும்பொருள் திரும்ப வந்துவிடும்! 2021இல் ஹபிள் தொலைகாட்டி செம்பூத உச்சத்தைப் பிடித்தபோது 7.2 கோடி என்று வந்தது. முதல் முடிவு நின்றது. எனக்கு இந்தத் துறையில் மிகப் பிடித்த வழக்கு இது.

பம்பலப்பிட்டி வாசகர்: மக நட்சத்திரத்தை ஒட்டியே ஒரு குள்ளப் பேரடை இருக்கிறதாமே?

லியோ 1. நிலவின் அகலத்தில் பாதிகூட இல்லாத இடைவெளி. மகம் 79 ஒளியாண்டில், லியோ 1 எட்டு லட்சம் ஒளியாண்டுக்கு அப்பால். மகத்தின் ஒளி கண்ணைக் கூசவைப்பதால், பெரிய தொலைகாட்டியிலும் மகத்தைப் பார்வைப்புலத்துக்கு வெளியே தள்ளிவிட்டுத் தேடுங்கள்.