கேம்பர் வேனில் இன்வெர்ட்டரை எங்கே, எப்படி மாட்டுவது?

வேலூரிலிருந்து ஏலகிரி போக வேன் தயார் செய்கிறீர்கள், 1000 வாட் இன்வெர்ட்டரை டேஷ்போர்டு பக்கம் மாட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அதற்குக் கரன்ட் தரும் பேட்டரிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். ஆனால் நேர் மேலே வேண்டாம், ஆசிட் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும்.

காரணம் கரன்ட்தான். 12 வோல்ட்டில் 1000 வாட் எடுக்க 83 ஆம்பியர் வேண்டும். இழப்பையும் சேர்த்தால் 95ஐத் தொடும். வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் ஒயர் இதற்குத் தாங்காது, உருகிவிடும். 35 சதுர மி.மீ. செம்புக் கேபிள், ஒன்றரை மீட்டருக்குள். நீளம் கூடினால் வோல்டேஜ் இறங்கி, மிக்சி போட்டதும் இன்வெர்ட்டர் கத்தும். பாசிட்டிவ் முனைக்கு மிக அருகில் 125 ஆம்பியர் ஃபியூஸ். கடைக்காரர் தேவையில்லை என்பார், கேட்காதீர்கள்.

சீட்டுக்கு அடியில் மூடிய பெட்டிக்குள் வைத்தால் நம்ம ஊர் மே மாத வெயிலில் சூடேறி நின்றுவிடும். காற்றோட்டம் விடுங்கள்.

அப்புறம், இன்ஜின் ஸ்டார்ட் செய்யும் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்குக் கரன்ட் எடுக்காதீர்கள். தனியாக 100 ஏ.எச். (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி போதும், பாதி வரை பயன்படுத்தினாலே ஃபேனும் லேப்டாப்பும் நாலைந்து மணி நேரம் ஓடும். இன்டக்‌ஷன் அடுப்பு ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள்.